வெள்ளம் வந்தபோது நான் செய்த ரீசார்ஜ்

ஆபத்து வரும்போது சிலர் ஓடுவார்கள். சிலர் கத்துவார்கள். சிலருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நான் ரீசார்ஜ் செய்தேன். அதுவும் அவசரப்பட்டு இல்லை. வீட்டில் எல்லாரிடமும் யோசனை கேட்டு, எந்த பேக் நல்லது என்று ஒப்பிட்டுப் பார்த்து, நிதானமாகச் செய்தேன். அந்த நிதானத்தில் ஒரு நல்ல மனிதரின் மிக்சர் மிசின் வருசநாட்டிலிருந்து வைகை அணையைப் பார்க்கப் புறப்பட்டுப் போனது. (தின்கிற மிக்சர் இல்லை. ஜல்லியும் சிமெண்டும் கலக்குகிற மிக்சர். தின்கிற மிக்சராக இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருந்திருக்காது.)

ஐந்து வருடம் ஆகிறது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்த வயது. உத்தமபாளையத்தில் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பாத்திரக்கடை. அந்தக் கடையின் வாசல் ஓரத்தில், இட்லிக் கொப்பரைகளுக்கும் குக்கர்களுக்கும் நடுவில், ஒரு கண்ணாடி மேசையைப் போட்டு நான் கண்காணிப்புக் கேமரா வியாபாரம் தொடங்கியிருந்தேன். மூன்று மாதத்தில் நாலு வீடு, ஒரு மளிகைக்கடை, அவ்வளவுதான் பிடித்திருந்தேன். அத்தா ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் கேமரா கேட்டு வருகிறவரிடம் தானாகவே எழுந்து போய், ஒரு குக்கரையும் எடுத்துக் காட்டுவார். என் தொழில்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அந்த அளவுக்குத்தான்.

அந்தச் சமயத்தில்தான் சிம் கார்டு போடுகிற கேமரா என் கைக்கு வந்தது. ஒயர் வேண்டாம், கரண்ட் வேண்டாம், வீட்டு இன்டர்நெட் வேண்டாம். தலையில் ஒரு சோலார் தகடு, வயிற்றில் ஒரு சிம். இன்றைக்கு ஒரு வேலை நடக்கிற இடத்தில் நட்டுவிட்டு, வேலை முடிந்ததும் பிடுங்கி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகலாம். டவர் கிடைத்தால் போதும், எங்கிருந்தும் போனில் பார்க்கலாம். நான் அத்தாவிடம் இதை விளக்கியபோது அவர் ஒரு தூக்குவாளியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கண்ணுக்கு எட்டாத எடத்துக்கு இங்கன உக்காந்து காவலாக்கும்?"

"ஆமாத்தா."

"அங்கன ஒண்ணு நடந்தா என்னா செய்வ?"

"போன் போட்டுச் சொல்லுவேன்."

"அது சரி," என்றார் அத்தா. இதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் உண்டா என்று எனக்கும் தோன்றியது.

முதல் ஆளாக மாட்டியவர் ஜக்கையன் அண்ணன். வருசநாட்டுப் பக்கம் சின்னச் சின்னப் பாலம், தடுப்பணை கட்டுகிற காண்ட்ராக்டர். அவருடைய மாமியார் வீடு எங்கள் ஊரில். மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார். குலசாமி கோயிலில் கிடா வெட்டிக் கறிச்சோறு போடுவதற்கு அண்டா வாங்க எங்கள் கடைக்கு வந்தவர், என் மேசைக்கு முன்னால் நின்றுவிட்டார். வைகையில் போய்ச் சேருகிற ஒரு காட்டாற்றில் அவருக்குத் தடுப்பணை வேலை நடந்துகொண்டிருந்தது. மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும் ஆறு அது. கம்பியும் பலகையும் வேறு அடிக்கடி காணாமல் போகிறது என்றார்.

"தம்பி, இதுல ஆத்துத் தண்ணி வர்றது தெரியுமா?"

"தண்ணி என்னண்ணே, தண்ணியில தும்பி உக்காந்தாக்கூடத் தெரியும்."

இந்த வசனத்தை நான் சொன்னதற்குச் சாட்சி அத்தா. பிற்பாடு பல சபைகளில் அவர் இதை அப்படியே ஒப்பித்திருக்கிறார்.

உத்தமபாளையத்துக்கும் வருசநாட்டுக்கும் நடுவில் ஒரு மலைத்தொடர் கிடக்கிறது. காக்கா என்றால் நேராகத் தாண்டிப் போய்விடும். நான் தேனி, கண்டமனூர், கடமலைக்குண்டு என்று சுற்றிக்கொண்டு பைக்கில் இரண்டரை மணி நேரம் போனேன். வேலை நடந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. மூன்று பக்கமும் மலை. நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத வெள்ளை மணல். மணலுக்கு நடுவில் பாதி எழும்பிய சுவர், ஒரு தகரக் கொட்டகை, அதன் பக்கத்தில் அந்த மிக்சர்.

அந்த மிக்சரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பதினெட்டு வருடம் வாடகை மிசினை வைத்து வேலை பார்த்த மனிதர் ஜக்கையன் அண்ணன். இதுதான் அவர் சொந்தமாக வாங்கிய முதல் மிசின். ஆரஞ்சு வண்ணம். டிரம்மில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த மாலை. 'குலசாமி துணை' என்று பெயின்டில் எழுதியிருந்தது. அவர் அதை 'அது' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "அவளுக்கு ஆயில் மாத்தணும்," "அவ இன்னைக்கு ஸ்டார்ட் ஆகக் கொஞ்சம் மொரண்டு பிடிச்சா," இப்படித்தான் பேசுவார்.

மணலில் நின்று போனைப் பார்த்தால் டவர் ஒரு கோடுகூட இல்லை. மூன்று கம்பெனி சிம்மையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மூன்றும் கையை விரித்தன. கடைசியில் கரையில் இருந்த மருதமரத்தில் ஏறினேன். ஆளுயரத்துக்கு மேலே போனதும் ஒரு கோடு வந்தது. இன்னும் ஏறினேன். இரண்டு கோடு. மூன்றாவது கோடு வந்த கிளையில் செவ்வெறும்புகள் எனக்கு முன்பே குடியிருந்தன. அந்தக் கிளையில் ஒரு பைப்பைக் கட்டி, கேமராவை மாட்டி, உடம்பெல்லாம் கடி வாங்கி, நான் இறங்கவில்லை, விழுந்தேன் என்று சொல்வதுதான் உண்மை. போனில் படம் வந்தது. ஜக்கையன் அண்ணன் அதில் தன்னைத் தேடினார்.

"இந்தா மணல்ல நிக்கிறது யாரு?"

"நீங்கதாண்ணே."

"எனக்கு உச்சந்தலையில இம்புட்டு வழுக்கையா?"

முதன்முதலாக என் கேமரா கண்டுபிடித்துச் சொன்ன உண்மை அதுதான்.

அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் அத்தா, அம்மா, தங்கை சல்மா மூன்று பேரையும் உட்கார வைத்து, இருட்டில் ஒன்றும் தெரியாததால் மறுநாள் காலையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத் தூங்கினேன். காலையில் சல்மா என் போனை டிவியோடு இணைத்துவிட்டாள். மலைக்கு அந்தப் பக்கம் அடிக்கிற வெயில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து விழுந்தது. ஒரு கொக்கு மணலில் ஒற்றைக் காலில் நின்றது. பின்னால் மலையிலிருந்து மேகம் இறங்கி, சரிவில் இருந்த மரங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது. அத்தா துண்டைத் தோளில் போட்டபடி நின்றவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கடை திறக்க நேரமாகிவிட்டது என்று அவருக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

இதை நான் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்கு அந்த ஆச்சரியம் அடங்கவில்லை. நகத்தளவு ஒரு சிம். அது ஒரு மலையைத் தாண்டி ஓர் ஆற்றையே தூக்கிக்கொண்டுவந்து நம் வீட்டில் வைக்கிறது. அந்த ஆற்றில் காற்று அடிக்கிற சத்தம்கூடக் கேட்கிறது. தொழில் என்று இதைச் செய்கிறேன், தினமும் நாலு பேருக்கு விளக்குகிறேன். ஆனாலும் முதல் படம் திரையில் விழுகிற அந்த நொடியில் எனக்கு இப்போதும் புல்லரிக்கும்.

ஆச்சரியம் ஒரு பக்கம் இருக்க, டேட்டா தீர்ந்துகொண்டிருந்தது. கேமராவில் போட்டிருந்த சிம்முக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு கணக்கு உண்டு. தேவைப்பட்டபோது இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மூடினால் தாராளமாகப் போதும். எங்கள் வீட்டில் அதைத் தொடர் நாடகம் மாதிரி ஓட்டினார்கள். தினமும் பத்து மணிக்கு ஒரு அம்மா ஆடு ஓட்டிக்கொண்டு ஆற்றைக் கடப்பார். எதிர்வீட்டு மைமூன் மாமி சரியாக அந்த நேரத்துக்கு வந்துவிடுவார். "அந்தக் கருப்பாடு நேத்து நொண்டுச்சே, இன்னைக்கு எப்புடி இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. ஒருநாள் ஆட்டுக்கார அம்மா வரவில்லை. அன்றைக்கு மாமிக்குச் சோறு இறங்கவில்லை.

காதுகுத்து ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை ஜக்கையன் அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, நாளைக்குச் சைட்டுல ஒரு ஆள் இருக்கமாட்டாக. காவக்காரர் உள்பட பூராப் பேரும் கறிச்சோத்துக்குக் கோயிலுக்கு வந்துருவாக. எப்பவும் லீவு நாள்ல மிசின மேட்டுல ஏத்திருவேன். இந்தவாட்டி ஏத்தல. திங்கக்கிழமை வெள்ளன காங்கிரீட்டு. அதேன் ஒன்னய நம்பி விட்டுட்டேன்."

"நீங்க கவலையே படாதீங்கண்ணே."

"மேக்க மலையில மேகம் கட்டிக் கெடக்கு. ஆத்துல செந்தண்ணி தலை காட்டுச்சுன்னா ஒரே ஒரு போனு போடு. கோயிலு சைட்டுக்குப் பக்கத்து மேட்டுலதேன், டவரு கெடைக்கும்; டிராக்டர வாசல்லயே நிப்பாட்டிருக்கேன். பத்து நிமிசத்துல அவள இழுத்துக் கரையேத்திருவேன். அம்புட்டுதேன் ஓன் வேல."

"அம்புட்டுத்தானே."

"சாப்பாட்டுக்கு ஒங்கத்தா ராவுத்தரையும் கூட்டிட்டு வரணும்னுதேன் ஆச. நீ காவலுக்கு இருக்கியே. சாயங்காலமாச்சும் வாங்க. ஒங்களுக்குன்னு ஒரு ஆட்டத் தனியா நிப்பாட்டி, கடமலக்குண்டு பாய வரச்சொல்லி அறுக்கச் சொல்லிருக்கேன்."

இப்படிப்பட்ட மனிதர். இவருக்குத்தான் நான் அதைச் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே டிவி ஓடியது. உண்மையாகவே காவல் இருக்கிறோம் என்பதால் அன்றைக்கு யாருக்கும் குற்றவுணர்ச்சிகூட இல்லை. ஆடு கடந்தது. கருப்பாடு நன்றாக நடந்தது. மாமி பாயாசக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மத்தியானத்துத் தொழுகையை முடித்துவிட்டு அத்தாவும் வந்து சேர்ந்தார். வருசநாட்டில் நல்ல வெயில். மணல் கண்ணைக் கூசவைத்தது.

முதலில் பார்த்தது சல்மா. "அண்ணே, அங்கன மணலு நகருது பாரு," என்றாள்.

மணல் நகரவில்லை. திரையின் மேல் ஓரத்தில், இரண்டு கரைக்கும் நடுவில், பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. கோட்டின் முன்னால் சருகும் சுள்ளியும் நுரையும். அது ஓடிவரவில்லை. ஒவ்வொரு பள்ளமாக நிரப்பி, மேட்டைச் சுற்றி வளைத்து, மோந்து பார்த்துக்கொண்டே வந்தது. காய்ந்த மணல் அதைக் குடிக்கக் குடிக்க அது வந்துகொண்டே இருந்தது. செந்தண்ணீர். தலை காட்டிவிட்டது. என் போன் என் கையிலேயே இருந்தது. ஜக்கையன் அண்ணனின் நம்பர் அந்த போனில் முதல் பெயராக இருந்தது.

நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அதன் பின்னால் இருந்த உண்மையான தண்ணீர் வந்தது. டிவியின் ஒலிபெருக்கி அதிர்ந்தது. ஒரு முழு மரம் வேரோடு, இலையோடு, நிமிர்ந்து நின்றபடியே ஆற்றின் நடுவில் வந்தது. யாரோ கூட்டிக்கொண்டு வருவதுபோல அது நிதானமாக வந்து, பாதிச் சுவரில் முட்டி, ஒருமுறை சுழன்று, சுவரைத் தாண்டிப் போனது. மேலே வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது. சிவப்புத் தண்ணீர் முழுக்க அந்த வெயில் பட்டு மின்னியது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. நாம் எவ்வளவு சின்னவர்கள் என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னதுபோல இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் படம் நின்றது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. காலையிலிருந்து ஆடு பார்த்ததில் அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது.

இப்போதாவது நான் போன் செய்திருக்கலாம். படம் இல்லை, பார்க்க ஒன்றும் இல்லை, கை சும்மாத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கூடத்தில் எழுந்த சத்தம் ஒன்றே ஒன்றுதான்: "ரீசார்ஜ் பண்ணுடா!" நான் ரீசார்ஜ் பக்கத்தைத் திறந்தேன். போன் டிவியோடு இணைந்திருந்ததால் எல்லா பேக்கும் பெரிய எழுத்தில் திரையில் வந்தன. அம்மா பெரிய பேக்காகப் போடச் சொன்னாள். இந்த மாதத்துக்கு இது போதும் என்றார் மாமி. அத்தா, எப்போதும் விலை கேட்கிற என் அத்தா, "எதையாவது போட்டுத் தொலைடா, தண்ணி போயிரப் போகுது," என்றார். ரகசிய எண்ணை ஒரு தப்பும் இல்லாமல் அழுத்தினேன். அது அழுத்தத் தெரிந்த விரலுக்கு 'ஜக்கையன் அண்ணன்' என்ற பெயரை அழுத்தத் தெரியவில்லை.

படம் திரும்ப வந்தது. இப்படி ஒரு காட்சியை விடலாமா என்று, திரையைப் பதிவு செய்கிற பொத்தானையும் அமுக்கினேன். (பார்த்தீர்களா, எவ்வளவு முன்யோசனை!) தண்ணீர் இப்போது கொட்டகையைத் தொட்டிருந்தது. தகரக் கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்து, காகிதம்போல மடிந்து, காணாமல் போனது. மிக்சர் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு ஒருமுறை ஆடியது. பிறகு டிரம்மின் வாய் வானத்தைப் பார்க்க, எலுமிச்சம்பழ மாலையோடு, மெதுவாக ஒரு அரை வட்டம் போட்டுக் கிளம்பியது. திரையின் கீழ் ஓரம் வரைக்கும் நாங்கள் அதை வழியனுப்பிவைத்தோம்.

அத்தாதான் முதலில் திரும்பினார்.

"ஏலே அப்பாசு."

"என்னாத்தா?"

"அவருக்குப் போன் போட்டுட்டியாடா?"

மாமி, திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்த கிண்ணத்தையே எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

போன் போட்டேன். அந்தப் பக்கம் கோயில் ஒலிபெருக்கி அலறியது. "தம்பி! எங்கனய்யா இருக்க? கறி எடுத்து வச்சாச்சு, ராவுத்தரக் கூட்டிட்டு வாய்யா!" என்றார் ஜக்கையன் அண்ணன்.

"அண்ணே, ஆத்துல தண்ணி வந்துருச்சுண்ணே."

அவர் கோபப்படவில்லை. கத்தவில்லை. ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"எப்ப?"

எத்தனையோ நேர்காணலுக்குப் போயிருக்கிறேன். பதில் சொல்ல முடியாத கேள்வி என்றால் அது அதுதான். "வந்து... அவ... போயிட்டாண்ணே," என்றேன். லைன் அறுந்துவிட்டது. அவர்தான் துண்டித்தாரா, டவர் போய்விட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பைக்கை எடுத்தேன். அத்தா பின்னால் ஏறிக்கொண்டார். "நீ ஒத்தையில போயி அடி வாங்க வேணாம், நானும் வாரேன்," என்றார். கண்டமனூர் தாண்டும்போது அத்தா, "அந்த மரம் நிமிந்து நின்னு வந்துச்சேடா," என்றார். பிறகு தான் சொன்னது தப்பு என்று புரிந்து செருமிக்கொண்டார்.

நாங்கள் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆற்றங்கரையில் விருந்துக்கு வந்த கூட்டம் முழுக்க நின்றது. பட்டுச்சேலை, புதுச்சட்டை, காதில் புதுத்தோட்டோடு அழுது ஓய்ந்த குழந்தை. நேரில் பார்த்த ஆறு டிவியில் பார்த்ததைவிடப் பத்து மடங்கு இருந்தது. கால் வைத்து நிற்கிற தரையே அதிர்ந்தது. ஜக்கையன் அண்ணன் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, எங்கள் ஊர்ப் பெண், நின்றுகொண்டிருந்தார். யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆளு ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல," என்றார் ஜக்கையன் அண்ணன், எனக்கே ஆறுதல் சொல்வதுபோல. "கோயிலு சத்தத்துல எங்களுக்கு ஒண்ணுமே கேக்கல. நாங்க வந்து பாக்கையில வெறுந்தண்ணிதேன் போயிக்கிட்டு இருந்துச்சு." ஆற்றிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "கடைசியா அவளப் பாத்தது நீதேன். கேமராவுல பதிவாயிருக்கா?"

இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். அந்த நிலைமையிலும் எனக்குள் இருந்த வியாபாரி தலை நிமிர்ந்தான். தொழில்நுட்பம் தோற்கவில்லை, மனிதன்தான் தோற்றான் என்று நிரூபிக்க இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? "இருக்குண்ணே! சுத்தமா இருக்கு!" என்று போனை நீட்டினேன். எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று சத்தத்தை முழுசாக வைத்தேன்.

திரையைப் பதிவு செய்யும்போது நாம் பேசுவதையும் சேர்த்துப் பதிவு செய்கிற வசதி ஒன்று அதற்குள் இருக்கிறது. அது ஆனில் இருந்திருக்கிறது.

தண்ணீர் வந்தது. கூடவே எங்கள் குடும்பமும் வந்தது. முதலில் அம்மாவின் குரல்: "சுப்ஹானல்லாஹ்!" அடுத்து சல்மா: "அண்ணே, சவுண்டக் கூட்டு!" அடுத்து, என் பின்னால் நின்றுகொண்டிருந்த அத்தாவின் குரல், அதட்டலாக: "ஏலே, நகந்து உக்காருங்க, மறைக்குது!" பின்னால் அத்தா ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார். அப்புறம் நான். மாட்டுவண்டிப் பந்தயத்தில் கத்துகிற மாதிரி: "கிட்ட வந்துருச்சு... கிட்ட வந்துருச்சு... மிசினத் தொட்டுருச்சு... ஆடுது ஆடுது ஆடுது... போச்சு! போச்சு! சூப்பரு!" கைதட்டல். மிக்சர் அந்த அரை வட்டத்தைப் போட்டுத் திரும்புகிறது. மைமூன் மாமியின் குரல், உள்ளம் குளிர்ந்து, நிறுத்தி நிதானமாக:

"மாஷா அல்லாஹ்! என்னா அழகாப் போகுது!"

அம்மா முடித்துவைத்தாள்: "மால கூடக் கலையாம இருக்கு பாரேன்."

படம் முடிந்தது. ஐம்பது பேர் என்னைப் பார்த்தார்கள். தடுப்பணைக்குத் தோண்டிய குழி எதுவும் மிச்சமிருந்தால் அதில் இறங்கியிருப்பேன். ஜக்கையன் அண்ணன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. அந்த மனிதர் வாயைப் பிளந்திருந்தார்.

"இன்னொருக்கா போடு," என்றார்.

போட்டேன். சத்தத்தைக் குறைக்கக் கட்டைவிரலை நைசாக ஓரத்துக்குக் கொண்டுபோனேன். அவர் என் விரலைப் பிடித்து எடுத்துவிட்டார். "சத்தத்தோட போடு."

இரண்டாம் முறை செந்தண்ணீர் நுரை கக்கிக்கொண்டு திரை முழுக்கப் பாய்ந்தபோது கூட்டமே "அடேயப்பா" என்றது. கொட்டகை மடிந்தபோது யாரோ ஒரு பாட்டி கும்பிட்டார். மாமியின் 'மாஷா அல்லாஹ்' வந்த இடத்தில் ஜக்கையன் அண்ணனின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். "மன்னிச்சிருங்க," என்று சொல்லிக்கொண்டே அவர் சிரித்தார். அவர் சிரித்ததும் காவக்காரர் சிரித்தார். கடைசியாக ஜக்கையன் அண்ணனும் சிரித்தார். கண்ணில் தண்ணீரோடு சிரித்தார். சிரிப்பால் வந்த தண்ணீரா, மிக்சரால் வந்த தண்ணீரா என்று நான் கேட்கவில்லை.

"பதினெட்டு வருசமா இந்த ஆத்துல வேல பாக்குறேன், தம்பி," என்றார். "தண்ணி போன தடத்தத்தேன் பாத்துருக்கேன். அது வர்றத இன்னைக்குத்தேன் பாக்குறேன். அவ போனா போறா. இதக் கண்ணால பாத்துட்டு எவனுக்குய்யா போன் போடத் தோணும்?"

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. நானும் அழுதுவிட்டேன். அத்தா என்னைத் தேற்றுவதற்குப் பதிலாக, தான் 'மறைக்குது' என்று சொன்னது வேறு ஒரு விஷயம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு எங்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், தனியாக எடுத்துவைத்த கறியைப் பரிமாறினார்கள். அவ்வளவு ருசியான கறியை அவ்வளவு வெட்கத்தோடு யாரும் சாப்பிட்டிருக்கமாட்டார்கள்.

மூன்றாம் நாள், எங்கோ கீழே ஒரு தென்னந்தோப்பில் டிரம் கிடைத்தது. இன்ஜின் கிடைக்கவில்லை. டிரம்மை வைத்து வேறு இன்ஜின் பூட்டி, அவளை மறுபடி ஓட வைத்துவிட்டார். அவருடைய மற்ற வேலைகளுக்கும் நான்தான் கேமரா மாட்டினேன். கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: தண்ணீர் அசைந்தால் எச்சரிக்கை மணி நேராக அவர் போனுக்கே போக வேண்டும். "பாக்குறதுக்கு வேற ஆளு போட்டுக்கிருவோம். ஒங்க வீட்டுல ரசிகர்கதேன் இருக்காக."

அந்தப் பதிவு இரண்டு குடும்பத்திலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜக்கையன் அண்ணன் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்தால், சாப்பிட்டு முடித்ததும் அவரே போட்டுக் காட்டுவார். எந்த இடத்தில் யார் குரல் வரும் என்று முன்கூட்டியே சொல்லுவார். பஸ்ஸைத் தவறவிட்டாலும், பால் பொங்கி வழிந்தாலும், குரங்கு தேங்காயைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும், அந்த வீட்டில் யாராவது ஒருவர் மாமியின் குரலில் சொல்லுவார்: "மாஷா அல்லாஹ்! என்னா அழகாப் போகுது!" குலசாமி கோயில் பூசாரிகூட ஒருமுறை சொன்னதாகக் கேள்வி.

போன ஆனி மாதம் எனக்கு நிக்காஹ். வீட்டு வாசலில் பெரிய பந்தல். ஜக்கையன் அண்ணன் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆனிக் காற்று எங்கள் பள்ளத்தாக்கில் எப்படி அடிக்கும் என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். மலை இடுக்கில் நுழைந்து வந்தது, கயிற்றை அறுத்துக்கொண்டு பந்தல் துணி முழுசையும் ஒரே தூக்காகத் தூக்கியது. சிவப்பும் வெள்ளையுமாக அது எங்கள் தலைக்கு மேலே எழும்பி, விரிந்து, எதிர்வீட்டு மாடியைத் தாண்டி, வயல் பக்கமாக மிதந்தது. மாப்பிள்ளை நான், பெண்வீட்டார், பிரியாணி வாளியோடு நின்றவர்கள், எல்லாரும் அண்ணாந்தோம்.

"மாஷா அல்லாஹ்," என்றார் ஜக்கையன் அண்ணன், நெஞ்சில் கைவைத்து. "என்னா அழகாப் போகுது!"

வெயில் சுள்ளென்று தலையில் இறங்கியது. பந்தல் துணி தென்னைகளுக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். பந்தல்காரருக்குப் போன் போட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.